531 ஸ்டிக்கர நம்பி பழைய பூஜோ சைக்கிள் ஃப்ரேம் வாங்கிடாதீங்க

எனக்கு ஒரு ஃப்ரேம வித்து ஏமாத்தின அதே ஆளு நேத்து ராத்திரி இன்னொண்ண விக்கப் போட்டிருக்கார், அதுலயும் அதே புத்தம்புது ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர், அதாவது ஃப்ரேம் மெல்லிசான உசத்தி இரும்பு ட்யூப்ல செஞ்சதுன்னு சொல்ற ஸ்டிக்கர். பாத்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன்.

நான் இருக்கறது பர்மிங்ஹாம்ல. 531 ட்யூப் 1935ல இந்த ஊர் கம்பெனி கொண்டு வந்ததுதான், அதனாலயே அந்த ட்யூப்ல செஞ்ச பழைய ரோட் பைக் ஒண்ண நானே பூட்டி ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. இவர் "70கள்ல வந்த பூஜோ பிஎக்ஸ்-10"னு சொல்லி வெள்ளை ஃப்ரேம் ஒண்ணு போட்டிருந்தார், 220 பவுண்ட். பிஎக்ஸ்-10 முழுக்க 531ல செஞ்ச ரேஸ் மாடல், அந்த விலைக்கு வருதேன்னு ஓடினேன். பெயின்ட் புதுசா இருந்துச்சு. சீட்ட தாங்கற கம்பிய, அதான் சீட் போஸ்ட, கழட்டிக் காட்டுங்கன்னேன், துருப்பிடிச்சு இறுகிருச்சு, ஆயில் விட்டு ரெண்டு நாள் வெச்சா வந்துடும்னார். நானும் சரின்னு காசு குடுத்துட்டேன், அங்கதான் தப்பு பண்ணேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் ஆயில் விட்டு கழட்டி வெர்னியர் (துல்லியமா அளக்கற கருவி) வெச்சுப் பாத்தா போஸ்ட் 24 மி.மீ. வயித்தக் கலக்கிருச்சு. பூஜோ சீட் ட்யூப் வெளி அளவு 28 மி.மீ, 531 மெல்லிசான ட்யூப்ங்கறதால உள்ள இறங்கற போஸ்ட் 26 மி.மீக்கு மேல வரணும். 24னா சுவர் தடிமன், சாதா இரும்பு. அப்புறம்தான் பின் சக்கரம் உக்கார்ற டிராப்-அவுட்ட பாத்தேன், தகட்டுல வெட்டி அடிச்சது, நல்ல ஃப்ரேம்ல காய்ச்சி அடிச்ச கனமான துண்டு இருக்கும். ஸ்டிக்கர் மறுபதிப்பா நெட்ல யார் வேணாலும் வாங்கலாம். இன்னொண்ணு, ஒரிஜினல் ஸ்டிக்கரா இருந்தாலும் அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, மூணு மெயின் ட்யூப் மட்டும் 531ன்னு ஒரு வகை, முன் சக்கர ஃபோர்க்கும் பின் சக்கரத்த பிடிக்கற பின்கால்களும் சேத்துன்னு ஒரு வகை, ரெண்டுக்கும் விலை வேற.

சரி போகட்டும், இதையாவது ஓட்டலாம்னு ஒரு கடையில பூட்டக் குடுத்தேன். அங்க நடந்தது இதவிடக் கொடுமை. பழைய பூஜோல பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுத்தற இடம்) பிரெஞ்சு மரை, 35 மி.மீ, ரெண்டு பக்கமும் வலது மரை. இப்ப கடைல கிடைக்கறது இங்கிலீஷ் மரை, அளவு கிட்டத்தட்ட 34.8, செயின் பக்கம் இடது மரை. திசையே மாறுது பாருங்க, அது எப்படி ஏறும்? அவங்க கேக்காம கொள்ளாம மரை வெட்டற இங்கிலீஷ் டேப்ப உள்ள விட்டு இருந்த மரைக்குக் குறுக்க வெட்டி பேரிங் கப்ப முறுக்கி ஏத்திட்டாங்க. முதல் நாள் நல்லாதான் இருந்துச்சு, 40 கிலோமீட்டர் போறதுக்குள்ள பெடல் கை (கிராங்க்) ஆட ஆரம்பிச்சு ஏத்தத்துல நின்னு மிதிச்சப்ப கப் நகர்றத கால்ல உணர்ந்தேன். ஹேண்டில்பார தாங்கற ஸ்டெமும் அதே கதை, பிரெஞ்சு ஃபோர்க்குக்கு 22.0 மி.மீ வேணும், 22.2 ஸ்டெம உப்புத்தாள் போட்டுத் தேச்சு அடிச்சு இறக்கியிருக்காங்க. பின்பக்கம் 120 மி.மீ இடைவெளில 130 சக்கரத்த பிதுக்கி மாட்டிருக்காங்க, இரும்புங்கறதால அளந்து நேரா விரிக்கலாம், அத செய்யல. போய்க் கேட்டா "பழைய சைக்கிள்னா அப்படித்தான்"னாங்க. பழைய சைக்கிள் அப்படி இல்ல, அளவு தெரியாம கை வெச்சா அப்படி.

கடைசில வயசான ஃப்ரேம் பில்டர் ஒருத்தர் பாத்துட்டு, பிரெஞ்சு மரைய திரும்ப கொண்டு வர முடியாது, கொஞ்சம் அகலமா 36 மி.மீ இத்தாலியன் மரை வெட்டிரலாம்னார். அத செஞ்சு குடுத்தார், ஸ்டெமும் மாத்தி பின்கால்களயும் விரிச்சு நேராக்கினார். எல்லாம் சேத்து இன்னொரு 140 பவுண்ட். இப்ப பைக் நல்லா ஓடுது, ஆனா அது பிஎக்ஸ்-10 இல்ல, அந்த ஸ்டிக்கர உரிச்சுப் போட்டுட்டேன். வித்தவருக்கு அளவ போட்டோ எடுத்து அனுப்பினேன், பதிலே இல்ல. இப்ப அவர் போட்டிருக்கற சிவப்பு ஃப்ரேம யாராவது பாக்கப் போறதா இருந்தா வெர்னியர கைல எடுத்துட்டுப் போங்க, இதுக்கும் சீட் போஸ்ட் இறுகியிருக்குன்னுதான் எழுதியிருக்கார்.