வெளியூர் போகும்போது தொட்டி ஃபில்டர்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

மீன் வளர்ப்பவர்கள் வெளியூர் கிளம்பும்போது முதலில் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றித்தான். கேனிஸ்டர் (மோட்டாரில் ஓடும் மூடிய டப்பா ஃபில்டர்), ஸ்பான்ஜ் ஃபில்டர், பேட்டரி ஏர் பம்ப், தானாகத் தீனி போடும் ஆட்டோ ஃபீடர் எல்லாவற்றையும் சில வருடங்களாக வைத்துப் புழங்கியதில், என் வரிசையில் சாப்பாடு கடைசிக்குப் போய்விட்டது. முதலிடம் கரண்டுக்கு. அது போனால் ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஸ்பான்ஜ், செராமிக் ரிங், அடிமணல் என்று கிடைத்த பரப்பில் எல்லாம் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. ஆக்சிஜனை நன்றாகவே குடிக்கும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5க்கு இறங்கிவிடும். வெயில் காலத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேனிஸ்டரின் பலவீனம் இங்கேதான். தினசரி வேலைக்கு அருமையான சாதனம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அது மூடிய டப்பா. மோட்டார் நின்றதும் உள்ளே இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனைப் பாக்டீரியாக்களே காலி செய்துவிடும், அப்புறம் அவையே சாக ஆரம்பிக்கும். பல மணி நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவை, அதாவது உள்ளே இருக்கும் ஸ்பான்ஜ், ரிங்குகளை, தொட்டித் தண்ணீரில் அலசி மறுபடி ஓட்டலாம். ஆள் இல்லாதபோது கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, அத்தனையையும் மீன்கள் மேலேயே தள்ளும்.

அதனால்தான் கேனிஸ்டரோடு, காற்றுக் குமிழியால் ஓடும் ஒரு சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டரையும் வருடம் முழுக்கத் தொட்டிக்குள் ஓடவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் புதிதாக வாங்கிப் போட்டால் பயனில்லை, படலம் வளர வாரக்கணக்கில் ஆகும். அதன் காற்றுக் குழாய், கரண்ட் போனதும் தானாக பேட்டரிக்கு மாறும் ஏர் பம்பில் இருக்கிறது. நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இந்தப் பம்ப்தான். ஒரே குறை, பேட்டரி வயதாக வயதாகத் தாங்கும் நேரம் குறைகிறது. பயணத்துக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழி எப்போது நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைப்பதாக இருந்தால் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு கட்டாயம். இல்லையென்றால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கித் தரையெல்லாம் குளமாகிவிடும்.

ஆட்டோ ஃபீடர் எனக்குப் பாதித் திருப்திதான். தொட்டி மேல் எழும் ஈரம் அதன் வாயில் படிந்து தீனி களிபோல் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாள் ஒன்றும் விழாது, மறுநாள் கட்டியாக விழும். கட்டியாக விழுந்தது அழுகினால் அம்மோனியா ஏறும், ஃபில்டர் திணறும். பெரும்பாலான ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் சாப்பிடாமல் தாராளமாகத் தாங்கும் என்பதால் சின்னப் பயணங்களுக்கு அதை எடுப்பதே இல்லை. குஞ்சுகள் இருந்தால் கதை வேறு, அவற்றுக்கு ஆள் வேண்டும். அப்படி ஒருவரிடம் பொறுப்பு கொடுக்கும்போது, கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் அன்றன்றைய அளவைப் போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத் தீனியை ஒளித்து வைத்துவிடுவேன். பாவம் பார்த்து அதிகமாகப் போடும் மனசு எல்லோருக்கும் இருக்கிறது!

தீனி போடாவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடந்து செத்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். சாப்பிடாத மீனும் அம்மோனியா விட்டுக்கொண்டுதான் இருக்கும். குறைந்த வரும்படியில் சில வாரம் ஓட்டிவிடக்கூடிய உயிர்கள் இந்தப் பாக்டீரியாக்கள். கிளம்பும் முன் மொத்தமாகத் தீனியைக் கொட்டுவதுதான் ஆபத்து.

சுத்தம் செய்வதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவேன். ஸ்பான்ஜை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிவேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் படலத்தைக் கொன்றுவிடும். கேனிஸ்டரையும் ஸ்பான்ஜையும் ஒரே நாளில் தொடுவதில்லை. கிளம்ப ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது வழக்கமான அளவு வாட்டர் சேஞ்ச், விளக்குக்கு டைமர், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் பாசியைச் சுரண்டக் கை பரபரக்கும். சரி, அது ரெண்டு நாள் கழித்து. முதலில் அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட். இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தாலும் தீனியை வழக்கத்தில் பாதியாகத் தொடங்கி, சில நாளில் பழைய அளவுக்கு ஏற்றுகிறேன்.