நைல் பயணம்: பெரிய கப்பலா, தஹபியாவா?

எகிப்தில் லக்சரிலிருந்து தெற்கே அஸ்வானுக்குப் பெரிய குரூஸ் கப்பலில் 3, 4 இரவில் போய்விடலாம். நீச்சல் குளம், பஃபே எல்லாம் உண்டு, செலவும் குறைவு. ஆனால் கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். காலையில் திரையை விலக்கினால் நைல் இல்லை, பக்கத்துக் கப்பல்காரரின் கட்டில்! வழியில் வரும் எட்ஃபு ஊரின் ஹோரஸ் கோயிலிலும் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கும்.

தஹபியா, இரண்டு பாய் கட்டிய படகு. பெரும்பாலும் லக்சருக்குத் தெற்கே உள்ள எஸ்னாவில் ஏறவேண்டும். வடகாற்றுதான் தெற்கே தள்ளும். காற்று விழுந்தால் இழுவைப் படகு வரும். கெபல் எல் சில்சிலாவில் இறங்கலாம். லக்சரின் கர்னாக் கோயிலுக்கு மணற்கல் வெட்டிய குவாரி அது. உளித் தடம் இன்னும் சாய்கோடுகளாகச் சுவரில் தெரியும். பெரிய கப்பல்கள் பொதுவாக அங்கே நிற்பதில்லை.

காசு கூடத்தான். இருந்தாலும் என் ஓட்டு தஹபியாவுக்கே. குழந்தைகளோடு போகிறீர்களா? சரி, அப்போது நீச்சல் குளம்தான்.