உமியா, மல்லாட்டை (நிலக்கடலை) தோலா: சாயத்தண்ணீருக்கு எது சரி?

குறிஞ்சிப்பாடியில் சின்னச் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மாமா, ஏதோ ஒரு கல்லூரிக் கண்காட்சியில் நீலத் தண்ணீரில் உமியைப் போட்டுக் குலுக்கித் தெளியவைத்ததைப் பார்த்துவிட்டு வந்தார். "மாப்ள, நம்மூர்ல உமிக்கா பஞ்சம்?" என்று ஒரு மூட்டையை இறக்கினார். பக்கெட்டில் சிவப்புக் கழிவுநீர், அதில் இரண்டு படி உமி. மறுநாள் காலையில் உமி மேலே மிதந்தது. தண்ணீர் அதே சிவப்பு, கொஞ்சம் பழுப்பும் சேர்ந்திருந்தது.

உமிமேல் குற்றமில்லை. கண்காட்சிகளில் வழக்கமாகக் காட்டுவது மெத்திலீன் நீலம். அது நேர்மின்னேற்றம் உள்ள சாயம். உமியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உள்ளது, கப்பென்று பிடித்துக்கொள்ளும். பருத்தி நூலுக்கு மாமா போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின்னேற்றம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். பழுப்பு, உமியிலிருந்தே கரைந்து வந்தது.

அப்புறம் மற்றவற்றைப் பார்த்தோம். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது, ஆனால் கரும்புச் சக்கை பெரும்பாலும் ஆலைக் கொதிகலனுக்கே போய்விடும். கிடைத்தாலும் மிச்சச் சர்க்கரை புளித்து நாறும். பண்ருட்டிப் பலாத்தோல் சீசனுக்கு மட்டும்தான். முந்திரி ஓட்டைத் தொடவே விடவில்லை. அதன் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும்.

மிஞ்சியது மல்லாட்டைத் தோல். காய் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தோல்தான். பச்சையாகப் போட்டால் இதுவும் உமியின் கதைதான். மூடிய டிரம்மில், காற்று அதிகம் போகாமல் கருக்கினால் சங்கதி வேறு. உமியையும் கருக்கலாம், ஆனால் அதில் சிலிக்கா நிறைய; சாயம் பிடிக்கும் கரி அந்த அளவுக்குக் குறையும், பொடி வடிதுணியையும் அடைக்கும். கடையில் விற்கும் தேங்காய் ஓட்டுக் கரியில் பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டருக்கும் சின்னவை, பெரிய சாய மூலக்கூறு எளிதில் நுழையாது. விலையும் அதிகம்.

இன்னொன்று, சாயத்தண்ணீரில் சோடா கலந்திருப்பதால் காரம் அதிகம்; அதைக் காட்டும் பிஎச் எண் 10, 11 வரை நிற்கும். அப்படியே கரியைப் போட்ட பக்கெட்டில் சிவப்பு லேசாகத்தான் குறைந்தது. அமிலம் விட்டு பிஎச்சை இறக்கிய பிறகு கரி போட்ட பக்கெட் மறுநாள் வெளிர் ரோஸாகியிருந்தது. என் ஓட்டு மல்லாட்டைக் கரிக்குத்தான்.

"அப்ப வாய்க்கால்ல விட்டுடலாமா?" என்றார் மாமா. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுக் காட்டினேன். எண் கொஞ்சமும் இறங்கவில்லை. சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல்கூட உப்புப் போடுவார்கள். கரி அதைப் பிடிக்காது. 2011-இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதில், நொய்யல் ஆற்றில் சேர்ந்த உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உப்பை எடுக்க, தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. வேண்டும். கரி அதற்கு முன்னால் நின்று சுமையைக் குறைக்கும், அவ்வளவுதான். சாயம் ஏறிய கரியை எருக்குழியில் கொட்டிவிடவும் கூடாது.

மிச்ச உமியைக் கோழிக் கொட்டகையில் பரப்பியாகிவிட்டது.