தட்டேக்காடா, சிங்கராஜாவா? மதுரையிலிருந்து மழைக்காட்டுப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

சாமநத்தம் கண்மாயில் நாரைகளையும் அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறுகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை மழைக்காடுதான். வழிகாட்டியோடு நாலைந்து நாள் தங்கிப் பார்க்க மதுரைக்காரர்களுக்குத் தோதான இடங்கள் இரண்டு. ஒன்று, கேரளத்தில் கோதமங்கலத்துக்குப் பக்கத்தில் பெரியாற்றங்கரையில் இருக்கும் தட்டேக்காடு. இன்னொன்று இலங்கையின் சிங்கராஜா. இரண்டுக்கும் போயிருக்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு தட்டேக்காட்டுக்குத்தான்.

வால்பாறையை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் இருவாச்சியும் சோலைமந்தியும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலேயே கிடைக்கும், உண்மைதான். ஆனால் அங்கே காடு தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கிறது. சாலையோரமாக நாமே பார்த்துக்கொண்டு போகலாம். அது வேறு மாதிரியான பயணம்.

தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு மணி நேரம்தான். அப்புறம் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து இரத்தினபுரி வழியாகச் சிங்கராஜாவின் குடாவா வாசலுக்கு நாலைந்து மணி நேரச் சாலை. தட்டேக்காட்டுக்கு உசிலம்பட்டி, தேனி, போடி, மூணாறு வழியாகக் காரில் போனாலும் கிட்டத்தட்ட அரை நாள் ஓடிவிடும். செலவில் சிங்கராஜா அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் வழிகாட்டி. கண்மாயில் பைனாகுலரும் ஒரு புத்தகமும் போதும். பறவை வெட்டவெளியில் நிற்கும், நாம் நிதானமாகப் புரட்டிப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கலாம். மழைக்காட்டில் அது நடக்காது. மரங்கள் முப்பது நாற்பது மீட்டர் உயரம், கீழே பகலிலும் மங்கல் வெளிச்சம், பறவைக்கு முன்னால் எப்போதும் ஓர் இலை. முதலில் கிடைப்பது குரல்தான். அந்தக் குரலை அறிந்த ஆள் கூட இல்லையென்றால், காலை முழுக்க நடந்தும் கழுத்து வலியோடு திரும்ப வேண்டியதுதான்.

தவளைவாயனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பறவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது, இரண்டு காட்டிலும் உண்டு. இரவில் இரை தேடும், பகலில் புதருக்குள் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டும் காய்ந்த இலைக்கொத்தாகத்தான் தெரியும். பத்தடி தூரத்தில் வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டியும் எனக்குக் கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆனது. தொந்தரவு இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நாள் கணக்கில் உட்காரும் என்பதால், நேற்று எங்கே இருந்தது என்று தெரிந்தவருக்கே இன்று கிடைக்கும். தட்டேக்காட்டு வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்கள். எந்த மூங்கில் புதரில் ஜோடி அடைந்திருக்கிறது, எந்த மரப்பொந்தில் ஆந்தை இருக்கிறது என்பது அவர்களுக்கு அன்றாடச் செய்தி. காலையில் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பெரும்பாலும் தங்கும் வீட்டுக்காரரே வழிகாட்டி, இல்லையென்றால் அவருடைய உறவினர். விடியும் முன் கட்டன் சாயா, வெயில் ஏறும் வரை காடு, மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் மறுபடி, இருட்டியதும் ஆந்தை. நாள் முழுக்க ஒரே ஆள் நம்மோடு. நமக்கு எது கண்ணில் படவில்லை என்பதை இரண்டாம் நாளே தெரிந்துகொண்டு, அதற்கென்று ஒரு காலையை ஒதுக்கினார் என் வழிகாட்டி. தீக்காக்கையை அப்படித்தான் பார்த்தேன். சேட்டா மலையாளத்தில் கிசுகிசுத்தார், நான் தமிழில் பதில் சொன்னேன், இருவருக்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

சிங்கராஜாவில் வாசலிலேயே வழிகாட்டியைச் சேர்த்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. 2004இல்தான் அறிவியலுக்கு அறிமுகமான செரண்டிப் ஆந்தை பகலில் எந்தப் புதரில் உறங்குகிறது என்று தடத்தை விட்டு இறங்கித் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். ஆனால் நான் போனது ஒரு சுற்றுலாக் குழுவோடு. அருவி பார்க்க வந்தவர்களும் பறவை பார்க்க வந்தவர்களும் ஒரே வழிகாட்டிக்குப் பின்னால் வரிசையில். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடும். பறவைக்கென்றே தனி வழிகாட்டி அமர்த்திப் போயிருந்தால் என் தீர்ப்பு கொஞ்சம் மாறியிருக்கலாம். தெனியாய பக்கத்து வாசல் வழியாகவும் நான் போனதில்லை.

சரி, சிங்கராஜாவின் பலம் எது? கூட்டுவேட்டை, அதாவது பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடிப் போவது. செவ்வலகுத் தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் முன்னே போக, மற்ற இனங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளும். அங்கே நடந்த ஆய்வில் ஒரு கூட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இனம், நாற்பதுக்கு மேல் பறவைகள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லாமல் நிற்போம், திடீரென்று மாட்டுத்தாவணியில் நாலு பஸ் சேர்ந்தாற்போல வந்து நின்ற மாதிரி ஆகிவிடும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. நீல மேக்பை, செம்முகப் பூங்குயில் இரண்டும் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. இலங்கைக்கே உரிய பறவைகள்தான் உங்கள் குறி என்றால் யோசிக்க வேண்டாம், அங்கேயே போங்கள். 1988இலிருந்து உலக பாரம்பரியக் களம். தொடர்ச்சியான காடு என்ற வகையிலும் தட்டேக்காட்டை விட ஒரு படி மேல்தான்.

தட்டேக்காடு சரணாலயம் வெறும் 25 சதுர கிலோமீட்டர். பறவையியலாளர் சாலிம் அலி 1930களில் திருவிதாங்கூரில் ஆய்வு செய்த காடு, 1983இல் சரணாலயமாகி அவர் பெயரையே பெற்றது. நல்ல காட்சிகள் பாதிக்கு மேல் அதற்கு வெளியே, உருளந்தண்ணிப் பக்கத்துக் காடுகளில்தான் எனக்குக் கிடைத்தன. அங்கே பாறைத்திட்டின் மேல் ஏறி நின்றால் மர உச்சிகள் நம் கண் மட்டத்துக்கு வந்துவிடும், கழுத்து தப்பிக்கும். யானை நடமாட்டம் உள்ள இடம், வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும்.

எங்கே போனாலும் முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நாலுக்கு மேல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அழைப்பாரா? மழுப்பினால் எனக்கு அந்த ஆள் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால் பறவை இடத்தையே மாற்றிக்கொள்ளும்.

தட்டேக்காட்டுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். சிங்கராஜாவுக்கு ஜனவரியிலிருந்து மார்ச். அங்கே மழையும் அட்டையும் அதிகம், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். உப்பும் புகையிலைத்தூளும் மழையில் கரைந்துவிடும்.

காரில் போவதில் இன்னொரு லாபம், போகும் வழியில் மூணாற்றில் ஓர் இரவு தங்கினால் நீலகிரி காட்டுப்புறாவும் சோலைக்காட்டுச் சிரிப்பானும் சேர்ந்து கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பொதுவாகப் பூட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால் மூணாற்றில் தங்காமல் அந்த இரவையும் தட்டேக்காட்டிலேயே கழித்துவிடுங்கள்.