ஏலத்தோட்டத்துக்குப் போக ஒரு .32 ரிவால்வர்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

போடியில் வீடு, மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பூப்பாறை வழியில் ஏலத்தோட்டம். கூலிப் பணத்தோடு பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற ஆளுக்குத் தற்காப்பு லைசென்ஸ் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் கிடைத்த பிறகு எந்த ரிவால்வர் வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஆசைகளைக் கொஞ்சம் கழித்துவிடலாம். சினிமாவில் வரும் குட்டைக் குழல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அந்த ஐந்து தோட்டா .38, நமக்குக் கிடையாது. .38, 9 எம்எம் எல்லாம் தடை செய்யப்பட்ட துளை அளவுகள். சாதாரண லைசென்ஸில் பெரும்பாலும் .32 அல்லது .22 தான் வரும். தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நின்றுபோனது. அதனால்தான் தாத்தா காலத்து வெப்ளி (பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்) ஒன்று விற்பனைக்கு வந்தால் விலை லட்சங்களில் பேசுகிறார்கள். துப்பாக்கி பழசு, உதிரிப் பாகம் கிடைக்காது, விலை மட்டும் மலை உச்சியில். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மிச்சம் இருப்பவை உள்ளூர்த் தயாரிப்புகள். 2014இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக்: டைட்டானியம் கலந்த .32, அரைக் கிலோ, அறிமுக விலையே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். நிடர்: .22, எட்டுத் தோட்டா, 250 கிராம். சட்டைப் பைக்கே போதும், ஆனால் அந்தத் தோட்டாவை நம்பி இருட்டில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. 2023இல் வந்த பிரபல், தோட்டா போடும் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறக்கும் வகை. நான் எடுத்தது எல்லாவற்றிலும் பழைய அமைப்பு: கான்பூர் எஃகு .32, ஆறு தோட்டா, ஏறக்குறைய 700 கிராம். தாழ்ப்பாளை நீக்கி மடக்கினால் குழல் கீழே சாயும், காலி ஓடுகள் தானாக மேலே எழும்பி விழும். பழைய வெப்ளியின் அதே ஏற்பாடு.

கனமானதை ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். இடுப்பில் வைத்தால் உறுத்துவது கனம் அல்ல, சிலிண்டரின் பருமன். சட்டைக்கு வெளியே காட்டிக்கொடுப்பது குழலும் அல்ல, கைப்பிடிதான். இந்த இரண்டும் எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை. சுடும்போது எஃகின் கனம் உதைப்பை வாங்கிக்கொள்ளும். .32 தோட்டாவே மென்மையானதுதான், அதில் எஃகும் சேர்ந்தால் இரண்டாவது குண்டும் குறியை விட்டு ஓடாது. குறை என்றால் விசைதான், அதாவது ட்ரிக்கர். ஹேமரை (தோட்டாவைத் தட்டும் பின்பக்கச் சுத்தியலை) இழுத்து வைக்காமல் நேராக அழுத்தினால் நல்ல கடினம். முதல் மாதம் விரல் வலித்தது. காலி டம்மித் தோட்டா போட்டு வீட்டில் பழகப் பழகத்தான் கை அசையாமல் அழுத்த வந்தது.

ஜீப் குலுங்குகிற பாதை என்பதால் ஹேமருக்கு நேர் கீழே உள்ள தோட்டா அறையை எப்போதும் காலியாக விடுகிறேன். விசையை இழுத்ததும் சிலிண்டர் சுழன்று அடுத்த அறை வந்துவிடும், ஆகவே முதல் அழுத்தத்திலேயே குண்டு உண்டு. ஆறுக்குப் பதில் ஐந்து, அவ்வளவுதான்.

உறை விஷயத்தில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி கேட்பார்கள். இங்கே 2016 ஆயுத விதிகளே, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன. கல்யாண வீட்டில் சட்டையைத் தூக்கிக் காட்டும் ஆட்களுக்கு இது தெரியாது போல. வேட்டிக்கு மேல் போடும் அகலமான பச்சை பெல்ட்டில் செருகிப் பார்த்தேன். அக்கா மகன், "மாமா, ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க?" என்றான். அப்புறம் தோட்டத்துக்குப் போகும் நாளில் பேண்ட்தான், தடித்த தோல் பெல்ட்தான். வலது இடுப்பில் வைத்தால் ஓட்டுநர் சீட்டு அமுக்கும். இடது முன்பக்கம், கைப்பிடி வலது கைக்கு எட்டும்படி வைத்தால் வளைவுகளில் தொந்தரவில்லை. விசையை முழுதாக மூடாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மழைக்காலம் இதற்குப் பெரிய எதிரி. இடுக்கிச் சாரலில் தோல் உறை ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். உறையோடு பீரோவில் போட்டால் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும், சிலிண்டரில் துரு பொட்டு வைக்கும். இரவு உறையிலிருந்து எடுத்து, துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, தனியாகப் பூட்டி வைக்கிறேன். குழலில் ஈயம் படியும், பித்தளைக் கம்பி பிரஷ் இல்லாமல் போகாது.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை திரும்ப வாங்கியபோது உறைக்குள்ளேயே கிடந்து சிலிண்டர் முழுக்கச் செம்புள்ளி. வைத்திருந்தவர்கள் கையை விரித்தார்கள். இப்போது கொடுக்கும் முன் கெட்டி எண்ணெய் பூசி, உறையில்லாமல் துணியில் சுற்றி, படம் எடுத்து, ரசீதில் துப்பாக்கி நம்பரைச் சரிபார்த்துத்தான் தருகிறேன்.

எல்லைக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று: லைசென்ஸில் செல்லுபடி எல்லையைப் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அது சட்டவிரோதம். கேரளாவைச் சேர்க்க பைல் நீண்ட தூரம் நடக்கும், எனக்குத் துப்பாக்கி வாங்கியதைவிட இதற்குத்தான் அலைச்சல் அதிகம். சேர்த்த பிறகும் மதிகெட்டான் சோலை மாதிரி தேசியப் பூங்காவுக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது, "உன்கிட்டதான் இருக்கே மாப்ள" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. .32ஐ வைத்து யானையை ஒன்றும் செய்ய முடியாது, செய்ய நினைத்தாலே ஜெயில்.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடம், ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. எனக்கு ஒன்றே போதும். இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் பிரபலைக் கையில் பிடித்துப் பார்ப்பேன், விசை இதைவிட இலகுவாக இருந்தால் அதையே எடுப்பேன். நிர்பீக்குக்குக் கூடுதல் பணம் தர மாட்டேன்.