துபாய் டிக்ரியை மதுரையில நிறைவேத்தி குடுத்த வக்கீல் ஆபீஸ் – 4/5

துபாய்ல என்கூட கூட்டா வியாபாரம் பண்ணவரு 1,80,000 திர்ஹாம் பாக்கி வச்சிட்டு ஊருக்கு வந்துட்டாரு, துபாய் கோர்ட் டிக்ரி (அவர் பணம் கட்டணும்னு சொல்ற தீர்ப்பாணை) கையில இருக்கு, ஆனா அங்க ஜப்தி பண்ண அவர் பேர்ல ஒண்ணும் கிடையாது. முதல்ல விசாரிச்ச ஒரு வக்கீல், இங்க புதுசா கேஸ் போட்டு ஆரம்பத்துலருந்து நடத்தணும்னு சொல்லிட்டாரு. அந்த முறையெல்லாம் 2020க்கு முன்னாடி இருந்தது. அந்த வருஷம் ஜனவரில மத்திய அரசு அமீரகத்தை, அதோட கோர்ட் டிக்ரியை இங்க நேரா நிறைவேத்தலாம்ங்கிற நாடா கெஜட்ல அறிவிச்சிருச்சு, அதனால சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ படி நேரா ஜில்லா கோர்ட்ல இ.பி. (டிக்ரியை நிறைவேத்தச் சொல்லி போடுற மனு) போடலாம்னு சொன்னது இந்த ஆபீஸ்தான்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, ஃபீஸ் பேசுறதுக்கு முன்னாடி இந்த ஆபீஸ் வக்கீல் துபாய் கேஸ் கட்டு மொத்தமும் வாங்கி படிச்சாரு. பாக்கி வச்சவருக்கு சம்மன் முறையா போச்சா, அங்க வக்கீல் வச்சு பதில் போட்டாரான்னு துருவி துருவி கேட்டாரு, ஏன்னா எக்ஸ்பார்ட்டி தீர்ப்பா (எதிர்தரப்பு வராமலே குடுத்தது) இருந்தா வழக்கோட தன்மையை விசாரிக்காம குடுத்ததுன்னு அதே சட்டத்தோட 13வது பிரிவை காட்டி இங்க அடிச்சு தூக்க வாய்ப்பு இருக்காம். அப்புறம் பாக்கிக்காரர் பேர்ல இங்க இருக்குற நிலத்துக்கு வில்லங்கம் போட்டு பாத்த பிறகுதான் கேஸையே எடுத்தாரு.

இந்த மாதிரி இ.பி.ல எதிர்தரப்புக்கு முதல்ல நோட்டீஸ் போகணும், அதுக்குள்ள நிலத்தை கைமாத்திருவாரோன்னு எனக்கு தூக்கமே இல்ல. அவசரத்தை காரணத்தோட எழுதி குடுத்து நோட்டீஸுக்கு முன்னாடியே ஜப்தி ஆர்டர் வாங்கிட்டாங்க, அதுக்கே இவங்களுக்கு கோடி நன்றி சொல்லணும்.

பேப்பர் வேலைதான் ஆளை கொல்லும். டிக்ரியோட சர்டிஃபைடு காப்பி, எவ்வளவு வசூல் ஆச்சு எவ்வளவு பாக்கின்னு துபாய் கோர்ட் குடுக்குற சர்டிபிகேட், அரபில இருந்து இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, கான்சுலேட் அட்டெஸ்டேஷன், நான் துபாய்ல இருக்கறதால பவர் பத்திரம் வேற, அது இந்தியா வந்து மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டணும். மொழிபெயர்ப்பு செலவு தனின்னு முன்னாடியே சொல்லல, வாய்தா முடிஞ்சு என்ன ஆச்சுன்னு நாமதான் போன் போட்டு கேக்கணும், ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான்.

ஜப்தி ஆனதும் அவரே சொந்தக்காரங்களை அனுப்பி தவணைக்கு இறங்கி வந்துட்டாரு, முதல் தவணை வந்துருச்சு.

டிக்ரி வச்சிருக்கவங்க தள்ளி போடாதீங்க, டிக்ரியை இங்க நிறைவேத்த எத்தனை வருஷம் டைம்ங்கிற கெடுவை தீர்ப்பு குடுத்த நாட்டு சட்டப்படிதான் பாக்கணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து டிக்ரிக்கும் இதே 44ஏ தான். அமெரிக்கா டிக்ரிக்கு இது செல்லாது, அதை வச்சு மூணு வருஷத்துக்குள்ள இங்க தனியா கேஸ் போடணும், அதையும் இவங்க எடுக்குறாங்க.