ஆங்கர் 733: சார்ஜருக்குள் ஒரு பவர் பேங்க்

வங்கிக் கிளைகளுக்குத் தணிக்கைக்குப் போகிறவள் நான். ஏப்ரல் மாதம் முழுக்க பஸ், ரயில், லாட்ஜ் என்றே ஓடும். லேப்டாப் சார்ஜர், போன் சார்ஜர், பவர் பேங்க், அததற்கு ஒயர் என்று பையில் சேர்ந்த மூட்டையைக் குறைக்க, நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியிடம் ஆங்கர் 733 வாங்கி வரச் சொன்னேன். 2022இல் அங்கே 99.99 டாலருக்கு வந்த பொருள். சுவரில் செருகினால் 65 வாட் சார்ஜர். பிடுங்கினால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க். டைப்-சி இரண்டு, பழைய யுஎஸ்பி ஒன்று.

எடை குறையும் என்று எண்ணி இதை வாங்காதீர்கள். 320 கிராம் இருக்கிறது. இப்போது வரும் சின்ன 65 வாட் சார்ஜரையும் தனி பவர் பேங்கையும் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அதே கனம்தான். மிச்சமாவது வேறு. தனி பவர் பேங்க் என்றால் அதற்கு சார்ஜ் போட யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது இல்லை. இதில் அந்தத் தொல்லை கிடையாது. ராத்திரி லேப்டாப்பை இதில் மாட்டிவிட்டுத் தூங்கினால் உள்ளே இருக்கும் பேட்டரியும் சேர்ந்து நிரம்பிவிடும். காலையில் பிடுங்கிப் பையில் போட வேண்டியதுதான். நான் இதற்குக் கொடுக்கும் மதிப்பெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அப்புறம், அந்த 65 வாட் சுவரில் இருக்கும்போது மட்டும். பேட்டரியில் ஓடும்போது 30 வாட்தான் தரும். அட்டையில் பெரிதாக இருப்பது 65; நீங்கள் பார்க்க வேண்டியது 30. என் திங்க்பேட் லேப்டாப் 65 வாட் கேட்கும் ரகம். 30 கொடுத்தால் மெதுவாக ஏறுகிறது என்று திரையில் முணுமுணுக்கும், ஆனாலும் ஏற்றிக்கொள்ளும். எக்செல், பிடிஎஃப் அளவில் வேலை செய்தால் சார்ஜ் இறங்காமல் நிற்கிறது. ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதனுடன் வந்த சார்ஜரே 30 வாட்தான். கேமிங் லேப்டாப்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கொள்ளளவையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. 10,000 எம்ஏஎச் என்றால் 10 ஆம்பியர்-அவர்; அதை செல்லின் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 36 வாட்-அவர், அதாவது உள்ளே சேமித்திருக்கும் மொத்த மின்சாரம். மின்னழுத்தத்தை ஏற்றி வெளியே அனுப்புவதில் கொஞ்சம் சூடாகவே போய்விடும். மிஞ்சுவதை எம்1 மேக்புக் ஏரின் 49.9 வாட்-அவர் பேட்டரியில் ஊற்றினால் பாதியைக் கொஞ்சம் தாண்டும். முழு சார்ஜ் என்ற கனவு வேண்டாம். கரண்ட் போன கிளையில் மதியத்தை ஓட்டிவிடலாம், அவ்வளவே. ரயிலிலும் உதவுகிறது: இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடும் வண்டிகளில் எனக்கு இதுதான் துணை.

நம் ஊரில் பெரிய சிக்கல் பின். அமெரிக்கத் தட்டை பின், மடக்கலாம். அதற்கு ஒரு அடாப்டர் மாட்டி, அதைத் தளர்ந்துபோன லாட்ஜ் சாக்கெட்டில் செருகினால், இத்தனை கனமும் புளியங்காய் மாதிரி தொங்கும். நான் எப்போதும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டித் தரையில் வைத்துவிடுகிறேன். ஆக, மூட்டையைக் குறைக்க வந்த பொருளுக்காக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுமக்கிறேன்!

விமானத்தில் சட்டப்படி இது பவர் பேங்க்தான். 100 வாட்-அவருக்குள் இருப்பதால் கைப்பையில் தாராளமாகக் கொண்டு போகலாம். செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டன. அதற்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது. அப்படியானால் சீட்டுக்குக் கீழே பிளக் இருந்தும் இதைச் செருக முடியாது. சாதாரண சார்ஜர் வைத்திருப்பவர் நிம்மதியாகச் செருகிக்கொள்வார்.

என் மனத்தை உறுத்துவது ஆயுள். சார்ஜர் பல வருஷம் உழைக்கும். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை நிரம்பிக் காலியானதும் தளரும், சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். இதிலோ சூடாகிற சார்ஜரும் சூட்டைத் தாங்காத பேட்டரியும் ஒரே டப்பாவுக்குள். செல்லை மட்டும் மாற்றவும் வழியில்லை. அதனால் கோடையில் மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடுவதில்லை, தரைதான்.

சின்ன லேப்டாப், அடிக்கடி பயணம், அதிலும் ரயில் பயணம் என்றால் வாங்கலாம். மேஜையை விட்டு நகராதவர்களுக்குத் தனித்தனியாக வாங்குவதே மலிவு. அடுத்து வாங்கும்போது நம் ஊர் உருண்டைப் பின்னும் பேட்டரியில் 45 வாட்டும் இருக்கிறதைத்தான் தேடுவேன்.